குஞ்சு மீனுக்கு ஒரு வாசல்: இழுவை வலையைத் திருத்துவது பற்றிய பாடம்

விதைநெல்லைப் பற்றி விவசாயக் குடும்பங்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. வீட்டில் அரிசி முடிந்த நாளிலும் விதைநெல் மூட்டையில் கைவைக்காத வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். வயலை விட்டு வந்து தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் காலம் கழித்தாலும் அந்த வழக்கத்தின் நியாயத்தை நாம் மறக்கவில்லை. கடலுக்கும் விதைநெல் உண்டு. இன்னும் ஒரு தடவைகூட முட்டையிடாத குஞ்சு மீன்தான் அது. அந்தக் குஞ்சைத் தப்பவிட வலையில் என்ன திருத்தம் செய்யலாம், அந்தத் திருத்தத்தால் எவ்வளவு பயன் வரும், எந்த இடத்தில் அது போதாமல் போகிறது என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. சின்ன மீன் வேறு, குஞ்சு மீன் வேறு

தெஹிவளைக் கடற்கரையில், புகையிரதப் பாதைக்கும் அலைக்கும் இடையில் உள்ள மணலில் படகுகள் இழுத்து விடப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். அங்கே வாங்கினாலும், பேலியகொடைச் சந்தையிலிருந்து வரும் வியாபாரியிடம் வாங்கினாலும், நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் சின்ன மீன்தான். அதை வாங்குவது பிழையா என்று சிலர் கேட்கிறார்கள்.

பிழையில்லை. நெத்தலி, சூடை, காரல் போன்றவை முழுதாக வளர்ந்த பின்பும் சின்னவையே. அவை விரைவில் பருவமடைந்து முட்டையிடுகின்றன. ஏழைக் குடும்பங்களுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தருபவை அவைதான். ஆனால் ஒரு சாண் நீள அறக்குளாவின் கதை வேறு. அது ஒரு மீற்றருக்கு மேல் வளரக்கூடிய மீனின் பிள்ளை. விரல் நீளப் பாரையும் விளைமீனும் அப்படியே. அவற்றைப் பிடிக்கும்போது இரண்டு நட்டங்கள் ஏற்படுகின்றன. வளர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் நிறை போகிறது. இட்டிருக்கக்கூடிய முட்டைகளும் போகின்றன. ஆகவே மீனின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்த இனம் எந்த அளவில் பருவமடைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதை அடிப்படையாகக் கொண்டே கேரள அரசு 2015 ஆம் ஆண்டில் 14 இனங்களுக்கும், 2017 ஆம் ஆண்டில் மொத்தம் 58 இனங்களுக்கும் பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவை நிர்ணயித்தது.

2. இழுவை வலை எப்படி வேலை செய்கிறது?

நமது வடபகுதிக் கடற்றொழிலாளர் றோலர் என்று சொல்லும் படகு இழுப்பது இந்த வலையைத்தான். பெரிய சாக்குப் போன்ற வலை அது. வாயின் இரு பக்கமும் கட்டிய பாரமான பலகைகள் தண்ணீரின் வேகத்தால் விலகி வாயை அகலத் திறந்து வைக்கும். மேற்கயிற்றில் மிதப்புகள் இருக்கும். கீழ்க்கயிற்றில் சங்கிலியோ ஈயமோ இருக்கும். இயந்திரப் படகு இதைக் கடலின் அடித்தரையோடு மணிக்கணக்காக இழுத்துச் செல்கிறது. எதிரில் வருவன எல்லாம் கடைசியில் வாலிலுள்ள பைக்குள் சேர்கின்றன. கரைவலையில் மடி என்று சொல்வோமே, அதே பகுதிதான். ஒரு மீன் அகப்படுவதா, தப்புவதா என்பது பெரும்பாலும் இந்த மடியின் கண்ணிலேயே முடிவாகிறது.

தென்னாசியாவில் இவ்வலை பெருகியதற்குக் காரணம் இறால். கேரளத்தில் 1952 ஆம் ஆண்டின் உடன்படிக்கையோடு தொடங்கிய இந்திய-நோர்வே திட்டம் இயந்திரப் படகுகளையும் பின்னர் இழுவை வலையையும் பரப்பியது. வெளிநாடுகள் இறாலுக்கு நல்ல விலை கொடுத்தன. இறால் சின்னது, அதைப் பிடிக்க மடியின் கண்ணும் சின்னதாயிற்று. இறாலோடு அகப்படும் குஞ்சு மீன்கள் முன்பு கடலில் எறியப்பட்டன. இன்று அவற்றில் பெரும்பகுதி காயவைக்கப்பட்டுக் கோழித்தீனிக்கும் மீன்தூளுக்கும் போகிறது. குஞ்சுக்கும் விலை கிடைப்பதால் அதைத் தவிர்க்கும் எண்ணம் குறைந்துவிட்டது.

3. கண் ஏன் மூடுகிறது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய வலைத்துண்டை எடுங்கள். ஒரு கண்ணின் எதிரெதிரான இரண்டு முடிச்சுகளைப் பிடித்து இழுங்கள். கண் ஒடுங்கி, கடைசியில் ஒரு கோடாகிவிடும். இனி, கண்ணின் பக்க நூல்கள் இழுக்கும் திசைக்கு நேராக இருக்கும்படி வலையைத் திருப்பிப் பிடித்து இழுங்கள். இப்போது கண் சதுரமாகத் திறந்தே நிற்கும்.

வழக்கமான மடியில் நடப்பது முதலாவது. மீன் சேரச் சேரப் பாரம் கூடுகிறது, வலை நீளத்துக்கு இழுபடுகிறது, கண் மூடுகிறது. கரையில் அளக்கும்போது சரியான அளவுள்ள கண், கடலுக்குள் குஞ்சு மீனுக்குப் பூட்டிய கதவாகிவிடுகிறது. வலையின் கண்ணை அளக்கும் முறை இது: கண்ணை நன்றாக இழுத்து, ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சுவரை அளக்க வேண்டும். 40 மில்லிமீற்றர்க் கண் என்றால் அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர்.

4. மூன்று திருத்தங்கள்

முதலாவது, சதுரக்கண் மடி. புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். அதே வலையைக் கோணம் மாற்றி வெட்டி, மடியாகத் தைத்தால் போதும். இந்தியாவில் குஜராத் மாநிலம் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 40 மில்லிமீற்றர்ச் சதுரக்கண்ணை விதித்தது.

இரண்டாவது, மடியின் மேற்புறத்தில் சதுரக்கண் சன்னல். மடி முழுவதையும் மாற்றாமல் மேலே ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது. வலைக்குள் அகப்பட்ட பல மீன்கள் மேல்நோக்கி நீந்தித் தப்பப் பார்க்கும்; இறால் அவ்வாறு செய்வது குறைவு. ஆகவே இறாலை இழக்காமல் மீனைத் தப்பவிடலாம்.

மூன்றாவது, கம்பித்தட்டு. நெல்லையும் கல்லையும் பிரிக்க அரிதட்டு வைத்திருக்கிறோம் அல்லவா, அதே யோசனை. நோர்வேயில் 1990களின் தொடக்கத்தில் இறால் வலைகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. வலைக்குள் சரிவாகப் பொருத்திய தட்டின் கம்பிகளுக்கு இடையே 19 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். இறால் அதனூடாக மடிக்குப் போகும்; பெரிய மீன் தட்டில் வழுகி மேலேயுள்ள வாசலால் வெளியேறும். ஆனால் இறாலின் பருமனே உள்ள குஞ்சு மீனும் கம்பிகளுக்கு ஊடாகப் போய்விடும். நம் கடல்களில் குஞ்சுகள் அதிகம் என்பதால், கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்த யோசனையை மாற்றி அமைத்தது. அதன் கருவியில் தட்டு, இறாலைக் கீழ்மடிக்கும் மீனைக் கண் பெரிதான மேல்மடிக்கும் பிரித்து அனுப்புகிறது. மேல்மடியில் பெரிய மீன் நிற்கும், குஞ்சு வெளியேறும். கடற்றொழிலாளிக்கு இறாலும் உண்டு, விற்கத்தக்க மீனும் உண்டு. இக்கருவி 2005 ஆம் ஆண்டில் உலக இயற்கை நிதியத்தின் சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்றது.

5. திருத்தம் எங்கே தடுக்கிறது?

இவ்வளவு எளிதானதை ஏன் எல்லோரும் பாவிப்பதில்லை? காரணங்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

குளிர்ந்த கடல்களில் ஒரு வலையில் சில இனங்களே அகப்படும். நம் கடலில் ஒரே இழுவையில் பல பத்து இனங்கள் வரும். பாரைக்கு ஏற்ற கண் இறாலுக்குப் பெரிது. எல்லா இனத்துக்கும் பொருந்தும் ஒரு கண் இல்லை.

தப்பிய மீன் எல்லாம் பிழைப்பதுமில்லை. சூடை, சாளை போன்ற மென்மையான மீன்கள் வலையில் உரசிச் செதில் கொட்டிப் பின்னர் இறக்கலாம். ஆனாலும் மேல்தட்டில் கொட்டிய பிறகு எறியப்படும் மீனைவிட, நீருக்குள்ளேயே தப்பும் மீனுக்கு உயிர் தப்ப நல்ல வாய்ப்பு உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய தடை, நட்டம் இன்று, இலாபம் நாளை என்பது. வலையைத் திருத்தியவனுடைய பெட்டி அன்று மாலையே குறைகிறது. டீசலுக்கும் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் அவன். அவன் விட்ட குஞ்சை அடுத்த படகு அள்ளினால் அவனுக்கு என்ன ஆறுதல்? ஆகவே சிலர் திருத்திய மடிக்கு உள்ளே சின்னக்கண் வலை ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். கடலுக்குள் யார் பார்ப்பது? வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சிய நமக்கு இது புரியும். மேல்வாய்க்கால்காரன் முறையை மீறினால் கீழ்வாய்க்கால்காரன் தனியே முறை காத்துப் பயனில்லை. எல்லோரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

6. பாக்கு நீரிணையின் கேள்வி

இனி நம் சொந்தக் கடலுக்கு வருவோம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். சராசரி ஆழம் 10 மீற்றர் அளவே. அங்கே பலகையும் சங்கிலியும் கடற்புல்லையும் சேற்றையும் உழுது செல்கின்றன. நாம் உழுவது விதைப்பதற்கு. அங்கே உழுதபின் விதைப்பவர் எவருமில்லை. குஞ்சு ஒதுங்கி வளரும் இடமே அழிகிறது. மடியில் எத்தனை வாசல் வைத்தாலும் இந்தச் சேதம் நிற்காது. வலைத் திருத்தத்தால் தீராத பகுதி இதுதான்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் போர்க்காலம் முழுவதும் கடலுக்குப் போகத் தடைபட்டிருந்த குடும்பங்கள், 2009 ஆம் ஆண்டுக்குப் பின் கடன்பட்டு வலை வாங்கின. தமிழ்நாட்டு றோலர்கள் எல்லை தாண்டி வந்த இரவுகளில் அந்த வலைகள் பல அறுந்து போயின. 2010 ஆகஸ்டில் சென்னையில் இருதரப்புத் தொழிலாளரும் கூடியபோது, ஓராண்டுக்குள் இழுவையை நிறுத்துவதாகத் தமிழ்நாட்டுத் தரப்பு ஒப்புக்கொண்டது. அது நிறைவேறவில்லை. 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் கடலடி இழுவை முறையை முற்றாகத் தடைசெய்தது. 2 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபா தண்டமும் அதற்குத் தண்டனை. குருநகர் போன்ற இடங்களில் சிறு இழுவைப் படகு வைத்திருந்த நம்மவரையும் அச்சட்டம் கட்டியது.

அதே மாதத்தில் இந்திய அரசு, 3 ஆண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடக்கியது. 80 இலட்சம் இந்திய ரூபாப் படகுக்கு 70 வீதம் மானியம். ஆயினும் இலக்கில் சிறு பகுதியே நிறைவேறியது. ஓரிரவில் போய்த் திரும்பிய கூலித் தொழிலாளிக்கு வாரக்கணக்கான ஆழ்கடல் தொழில் புதியது. மீதி 30 வீதமும் பெருங்கடன். அக்கரையில் றோலரில் ஏறும் கூலியாளும் நம்மைப் போன்ற ஏழைதான். அவருக்கு வேறு தொழில் அமையாதவரை சட்டமும் சிறையும் மட்டும் இதைத் தீர்க்கப் போவதில்லை.

ஆகவே நம் முடிவு இது: ஆழம் கூடிய கடலில், சட்டம் இழுவையை அனுமதிக்கும் நாடுகளில், வலையைத் திருத்துவது அவசியம், அதனால் பலன் உண்டு. பாக்கு நீரிணையில் மட்டும் திருத்திய இழுவை வலையும் தீர்வாகாது. இழுவையை விட்டு வேறு வலைக்கு மாறுவதே அங்கு தீர்வு.

7. நம் கையில் உள்ளது

இப்பாடம் கடற்றொழிலாளருக்கு மட்டும் உரியதல்ல. ஊருக்குத் திரும்பிய குடும்பங்களும் திரும்பக் காத்திருப்போரும் குளத்து மீனை நம்பியவர்கள். நம் குளங்களில் கட்டும் வலைக்கு 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் கூடாது என்பது சட்டம். திலாப்பியா வளர்ந்து பெருக இடம் வேண்டும் என்பதே காரணம். வலையை இழுத்து முடிச்சுக்கு முடிச்சு அளக்க இப்போது நமக்குத் தெரியும். கரையோரத்தில் தங்கூசி வலை பாவிப்பது நம்மவராக இருந்தால், அடுத்த கரையைக் குறை சொல்லும் முன் அதையும் பேச வேண்டும்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

அ. இந்த வாரம் நம் வீட்டுக்கு வந்த மீன்களில் எவை சின்ன மீன்? எவை குஞ்சு மீன்?

ஆ. நம் ஊர்க் குளத்தில் எந்தக் கண் வலை பாவிக்கப்பட்டது? அதை யார் முடிவு செய்தார்கள்?

இ. குஞ்சைத் தப்பவிடுபவருக்கு ஏற்படும் முதல் நட்டத்தை ஊர் எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம்? சங்கத்தின் சுழற்சிக் கடன் அதற்கு உதவுமா?

மூன்றாம் கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். குஞ்சு மீன் தப்புவதும் தப்பாததும் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது.