தகட்டின் சாய்வும் ஊரின் வானமும்

கூரையின்மீது சூரியத் தகடுகளைப் பொருத்தி, வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறும் வழக்கம் மலேசியாவில் பெருகி வருகின்றது. 2050ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக அமைய வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்காகும். ஒருமுறை பொருத்திய தகடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூரையில் இருக்கும். ஆகவே, அதனை எத்திசை நோக்கி, எவ்வளவு சாய்த்து வைப்பது என்னும் கேள்விக்குத் தொடக்கத்திலேயே சரியான விடை காண வேண்டும்.

ஜொகூர் மாநிலத்தின் பண்டார் தெங்காராவில் வாழும் ஒரு குடும்பத்தினர் சூரியத் தகடு பொருத்த விரும்புவதாகக் கொள்வோம். அவர்களுக்கு வட ஐரோப்பாவில் எழுதப்பட்ட கையேடு ஒன்று கிடைக்கின்றது. தகட்டைத் தெற்கு நோக்கி 60 பாகை சாய்த்து நிறுத்துமாறு அது கூறுகின்றது. அவ்வறிவுரை பிழையன்று, ஆனால், அது வேறோர் ஊருக்கு உரியது.

இதனைப் புரிந்துகொள்ள ஒரு கைவிளக்கு போதும். அதன் ஒளியைச் சுவரில் நேராகப் பாய்ச்சினால் சிறிய, பிரகாசமான வட்டம் தோன்றும். விளக்கைச் சாய்த்தால் அதே ஒளி அகன்று பரவி மங்கிவிடும். நேர்நிலையிலிருந்து 60 பாகை சாய்ந்து விழும் ஒளி, இரு மடங்கு பரப்பில் பரவுகின்றது. ஒவ்வோர் இடத்திற்கும் பாதி ஒளியே கிட்டுகின்றது. சூரிய ஒளிக்கும் இதே விதிதான். தகட்டின்மேல் நேராக விழும் ஒளியை 100 பங்கு என வைத்துக்கொண்டு, இரண்டு ஊர்களை ஒப்பிடுவோம்.

நோர்வேயின் தலைநகரான ஓஸ்லோ, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 60 பாகையில் உள்ளது. டிசம்பர் மாத நடுப்பகலில்கூட அங்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து 7 பாகை உயரமே எழும். அப்போது தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் தகட்டுக்கு 12 பங்கு ஒளிதான் கிட்டும். அதே தகட்டைத் தெற்கு நோக்கி 60 பாகை சாய்த்தால் 92 பங்கு கிட்டும். மேலும், செங்குத்தான தகட்டில் பனி தங்காமல் வழுக்கி விழும். கையேட்டின் அறிவுரைக்கு இவையே காரணங்கள்.

பண்டார் தெங்காராவோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2 பாகைக்குள் அமைந்துள்ளது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கும். ஜூனில் அது உச்சியிலிருந்து 22 பாகை வடக்கேயும், டிசம்பரில் 25 பாகை தெற்கேயும் விலகியிருக்கும். இங்குப் படுத்திருக்கும் தகடு ஜூன் நடுப்பகலில் 93 பங்கும், டிசம்பர் நடுப்பகலில் 90 பங்கும் பெறும். கையேடு சொல்லும் தகடோ டிசம்பரில் 82 பங்கும், ஜூனில் வெறும் 15 பங்குமே பெறும். சூரியன் வடக்கே இருக்கும் மாதங்களில் அது சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது போலாகிவிடும்.

தமிழ்நாட்டின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 2016ஆம் ஆண்டில், இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் திறன்கொண்ட சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. கமுதி 9 பாகை வடக்கே உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் அங்கு நடுப்பகல் சூரியன் உச்சிக்குத் தெற்கே இருக்கும். அதனால், அப்பகுதியில் தகடுகளைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ப்பது வழக்கம்.

தகட்டை வந்தடைவது நேரடி ஒளி மட்டுமன்று. மேகங்களால் சிதறி வானமெங்கும் பரவிய ஒளியும், தரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் உண்டு. 1960களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியூ, ஜோர்டான் ஆகிய இருவரும் இம்மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டும் எளிய முறையை வகுத்தனர். வானம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் ஒளிர்கின்றது என்று அம்முறை கொள்கின்றது. அதன்படி, படுத்திருக்கும் தகடு வானம் முழுவதையும் காண்கின்றது. 60 பாகை சாய்ந்த தகடு வானத்தின் முக்கால் பங்கைத்தான் காண்கின்றது. மீதிக் கால் பங்கில் அது காண்பது தரையை. புதிதாய்ப் பெய்த பனி, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவதால் ஓஸ்லோவுக்கு அஃது ஆதாயம். புல்தரையோ 20 விழுக்காட்டளவே திருப்பி அனுப்பும். மேகம் மிகுந்த நம் நாட்டில் தகடு வானத்தைப் பார்த்திருப்பதே நன்மை.

அப்படியானால் தகட்டை முற்றிலும் படுக்க வைத்துவிடலாமா? கூடாது. மழைநீர் தேங்கும், தூசியும் இலைச் சருகும் படியும். மழையே தகட்டைக் கழுவிச் செல்லும்படி 10 பாகை அளவேனும் சாய்ப்பது நல்லது. அவ்வாறு தெற்கு நோக்கிச் சாய்த்தால், நடுப்பகலில் ஜூனில் 85 பங்கும் டிசம்பரில் 97 பங்கும் கிட்டும். வடக்கு நோக்கிச் சாய்த்தால் ஜூனில் 98, டிசம்பரில் 82. ஒரு பருவத்தில் இழப்பதை மறு பருவத்தில் ஈடுசெய்துகொள்ளலாம். எனவே, சாய்வு குறைவாக உள்ள கூரையில் திசையைப் பற்றிப் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. பக்கத்து மரமோ தண்ணீர்த் தொட்டியோ தகட்டின்மேல் நிழல் வீழ்த்துகின்றதா என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

இக்கணக்குகளை நீங்களே சரிபார்க்கலாம். பள்ளித் திடலில் ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியை நேராக நட்டு வையுங்கள். நம் கடிகாரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதால், ஜொகூரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணியை ஒட்டியே. அவ்வேளையில் நிழலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஜூனில் நிழல் தெற்கே ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளும். டிசம்பரில் வடக்கே 47 சென்டிமீட்டர் நீளும். மார்ச் இறுதியில் நிழல் குச்சியின் அடியிலேயே மறைந்துவிடும். கையேட்டைத் திறக்கும் முன்னர் அக்குடும்பத்தினர் பார்க்க வேண்டியது இந்த நிழலைத்தான்.