எண்ணும் பாட்டும்

ஓராண்டிற்குள் இன்னின்ன நூல்களைப் படித்து முடிப்போம் என வரையறுத்துக்கொண்டு படிக்கும் வழக்கம் மாணாக்கர் பலரிடத்து உண்டு. அதனால் விளையும் நன்மையும் உண்டு; இடையூறும் உண்டு. அவ்விரண்டனையும் எமது சிறு முயற்சியில் யாம் கண்டவாறே எடுத்துரைத்தல் உடன் பயிலும் நண்பர்க்குப் பயன்படும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

இவ்வழக்கம் கிறிஸ்தவ இல்லங்களுக்குப் புதியதன்று. திருமறையில் 1189 அதிகாரங்கள் உள்ளன. நாடோறும் மூன்று அல்லது நான்கு அதிகாரம் வாசிப்போர் ஓராண்டில் அதனை முடித்துவிடலாம். ஸ்காத்லாந்து தேசத்து டண்டி நகரில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மக்செயின் என்பார், 1842-ஆம் ஆண்டின் இறுதியில், தம் சபையார் அடுத்த ஆண்டு முழுதும் வாசித்தற்குரிய பகுதிகளை நாள்வாரியாக அட்டவணைப்படுத்தி அளித்தார். அதன்படி வாசிப்போர் பழைய ஏற்பாட்டை ஒரு முறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரு முறையும் முடிப்பர். அம்முறையால் நேரக்கூடிய தீங்குகளையும் அவரே உடன் எழுதிவைத்தார். வாசிப்பு வெறுஞ்சடங்காதல், வாசித்துவிட்டோம் என்னும் செருக்கு, கருத்தின்றி வாசித்தல், வாசிப்பே சுமையாதல் என்பன அவை. அவ்வாண்டு முடிவதை அவர் காணவில்லை. 1843 மார்ச்சு 25-ஆம் நாள், தமது 29-ஆம் வயதில், காலமானார். அவர் எண்ணிய தீங்குகளுள் மூன்றாவதே எம்மை வந்து பற்றியது.

யாம் பயில்வது தமிழ்ச் சிறப்பு வகுப்பு. ஆதலின், சென்ற ஜூன் திங்கள் நடுவில் கல்லூரி திறந்தபொழுது, பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் ஓராண்டில் முற்றப் படிப்பதென உறுதி செய்தோம். இன்று நமக்குக் கிடைத்துள்ள சங்கப் பாட்டுக்கள் 2381 என்பர். நாளொன்றுக்கு ஏழு பாட்டாக 341 நாட்களில் அவை முடிந்துவிடும்; எஞ்சிய 24 நாட்கள் தேர்வுக்கும் நோய்க்கும் ஆகுக என ஒதுக்கினோம். கைச்சுவடி ஒன்று வாங்கிக் கோடிட்டு, நாளும் எண்ணும் குறித்துவரத் தொடங்கினோம்.

இக்கணக்கு எளிது; ஆனால் பொய்யானது. ஐங்குறுநூற்றில் மூன்றடியால் ஆகிய பாட்டும் ஒன்றே. 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சியும் ஒன்றே. இரண்டே வசனமுடைய 117-ஆம் சங்கீதத்தையும், 176 வசனமுடைய 119-ஆம் சங்கீதத்தையும் ஒருநாட் பகுதியாக நிறுத்துவார் யார்? யாமோ அதனை உணர்ந்தும், எண் விரைந்து ஏறவேண்டும் என்னும் ஆசையால், அடி குறைந்த ஐங்குறுநூற்றையே முதற்கண் எடுத்துக்கொண்டோம். நாளொன்றுக்கு இருபதாக 25 நாட்களில் அது முடிந்தது. “ஐங்குறுநூறு, 500, முற்றும்” எனச் சிவப்பு மையால் எழுதி, அச்சுவடியை எம் ஆசிரியரிடம் பெருமிதத்தோடு காட்டினோம்.

அவர் அதனைப் பார்த்துவிட்டு, “தம்பி, நெய்தலில் 129, 130-ஆம் பாட்டுக்களையும் படித்தீரோ?” என்று வினவினார். “படித்தேன் ஐயா” என்றோம். “எவ்வாறு இருந்தன?” என்றார். “மிக நன்றாயிருந்தன ஐயா” என்றோம். அவர் வேறொன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து நூலை எடுத்து எம் கையிற் கொடுத்தார். அவ்விரண்டு எண்களுக்கும் பாட்டு இல்லை. ஏடுகளில் அவை கிடைக்கவில்லை, உ. வே. சாமிநாதையரவர்கள் 1903-இல் அந்நூலை முதன்முதற் பதிப்பித்த காலத்திலேயே அவை அழிந்துபோயின. கிடைத்துள்ள பாட்டுக்கள் 498 மட்டுமே.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. இல்லாத பாட்டைப் படித்தோம் என்று ஆசிரியர் முன்னிலையிற் பொய் கூறினோமே என்பது ஒரு துன்பம். அதனினும் பெரிது, உள்ள பாட்டுக்களுள்ளும் எத்தனை எம் நெஞ்சில் உள்ளன என்று வினவியபொழுது விடை காணாமை. ஏட்டில் எண் நின்று பாட்டு மறைந்தது கறையானாலும் காலத்தாலும். எம் சுவடியில் எண் நின்று பாட்டு மறைந்தது எம் விரைவினாலே. மறுநாட் காலையில் ஆசிரியரை அடைந்து, செய்த பிழையைச் சொன்னோம். “மீண்டும் தொடங்குக” என்பதே அவர் கூறிய விடை.

மீண்டும் தொடங்கியபொழுது மூன்று நெறிகளை மேற்கொண்டோம். அவை பிறர்க்கும் உதவலாம் ஆதலின் இங்கே தருகின்றோம்.

முதலாவது, நூலின் அமைப்பை ஒட்டியே நாட்பகுதியை வகுத்தல். ஐங்குறுநூறு பத்துப் பத்தாகத் தொகுக்கப்பட்ட நூல். ஆதலின் ஒருநாளைக்கு ஒரு பத்து. முதற்பத்தாகிய வேட்கைப் பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒரே வாழ்த்தோடு தொடங்கும். முன்பு அதனைக் கூறியது கூறல் என்றெண்ணிக் கடந்தோம். பத்தையும் ஒருங்கே வைத்துப் படித்தபொழுதன்றோ வேறுபாடு புலனாயிற்று! தலைவி விரும்பியது நாடும் வேந்தும் செழித்தல். தோழியர் விரும்பியது அவள் தலைவனைப் பற்றியது. பிரிவால் வருந்துபவள் தன்னை மறந்து உலகினை வாழ்த்துகின்றாள். அவள் துயரைக் காண்பவர் அவளை மறவாது வேண்டுகின்றனர்.

இரண்டாவது, பாட்டின்கீழ் உள்ள கூற்றுக் குறிப்பைத் தாளால் மறைத்துக்கொண்டு, இதனைச் சொல்லுபவர் யார், கேட்பவர் யார் எனத் தாமே உய்த்துணர்தல். யாம் பன்முறை தவறினோம். தவறிய பாட்டுக்களே இன்றும் மறவாது நிற்கின்றன.

மூன்றாவது, நூலை மூடிவைத்துப் பொருளை ஒரே வாக்கியத்தில் எம் சொல்லால் எழுதுதல். எழுத வாராத பாட்டிற்குச் சுவடியில் எண் இல்லை. வாரத்தில் ஒருநாள் புதியது படியாமல், படித்தவற்றையே திரும்ப ஓதுதல் இதன்பாற்படும்.

இதனை எழுதும் ஜனவரி இறுதியில் 225 நாட்கள் கழிந்துள்ளன. முதற் கணக்கின்படி 1575 பாட்டுக்கள் முடிந்திருத்தல் வேண்டும். முடிந்தவை ஐங்குறுநூற்றில் 498, குறுந்தொகையில் 401, பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையுமாக 901. குறை 674. ஆண்டிறுதிக்குள் மேற்கொண்டது முற்றுப்பெறாது என்பது தெளிவு. எஞ்சியதனை அடுத்த ஆண்டிற்கு எடுத்துச்செல்வோம்.

வரையறை வேண்டா என்று யாம் கூறுகின்றோமல்லோம். அஃதின்றேல் குறுந்தொகையை இவ்வாண்டில் திறந்திருக்கவே மாட்டோம். நாடோறும் நம்மை நூலின்முன் அமர்த்துவது எண். அமர்ந்தபின் அதனை மறந்திருத்தல் படிப்போர் கடமை. எம் சுவடியில் 500 என்றிருந்ததை அடித்து 498 என்று எழுதியுள்ளோம். அச்சிவப்புக் கோட்டை அழிக்காமல் அவ்வாறே வைத்திருக்கின்றோம். நண்பர்காள்! வருமாண்டில் நீவிரும் ஒரு சுவடி தொடங்குவீராயின், இருவேம் சுவடியும் ஒருங்கே வைத்துப் பார்ப்போம். எண்ணைக் கேளாமல், பாட்டினைக் கேட்போம்.