விரல் கறுத்தால் காலையே எடுக்கணுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. 18 வருடமாகச் சர்க்கரை நோய். பீடியும் பிடிப்பார். இரண்டு மாதமாக ராத்திரியில் வலது பாதம் எரிகிறதென்று காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுத்தான் தூங்குகிறார். இப்போது சுண்டுவிரல் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். ஆஞ்சியோபிளாஸ்டி செய்து பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். அது இதயத்துக்குச் செய்வதுதானே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அப்பா காலைத் தொங்கப் போடுவதிலேயே நோய் தெரிகிறது. படுத்திருக்கும்போது பாதத்துக்கு எட்டாத ரத்தம், கால் தாழ்ந்ததும் கொஞ்சம் இறங்கி வருகிறது, வலி அடங்குகிறது. கால் ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆஞ்சியோபிளாஸ்டி பிறந்ததே காலில்தான். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், காலை எடுக்கவே கூடாது என்று மறுத்த எண்பது வயது தாண்டிய மூதாட்டிக்கு, சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் தொடை ரத்தக்குழாயின் சுருக்கத்தை விரித்துவிட்டார். அந்த அம்மா கடைசிவரை தன் காலிலேயே நடந்தார். இதயத்துக்கு இந்தச் சிகிச்சை வந்தது 1977இல்தான்.

பெரும்பாலும் தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அதன் மேல் பலூனை ஏற்றி விரிப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அடைப்பு அதிகம் வருவது முழங்காலுக்குக் கீழேயுள்ள சிறிய குழாய்களில். அங்கே பொதுவாக ஸ்டென்ட் வைப்பதில்லை. சில மாதங்களில் மறுபடி சுருங்கவும் கூடும். அதனால் வீண் என்று நினைக்காதீர்கள். புண் ஆறுகிறவரை ரத்தம் ஓடினாலே பல கால்கள் தப்பிவிடுகின்றன. அடைப்பு மிக நீளமாக இருந்து, காலில் நல்ல சிரையும் இருந்தால் பைபாஸ் அறுவை சிகிச்சை மேலாக இருக்கலாம்.

கறுத்த விரல் உயிர்பெறாது. அதை எடுக்க வேண்டிவரும். ஆனால் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டு எடுத்தால்தான் அந்தப் புண் ஆறும். சீழ், காய்ச்சல், மேலேறும் சிவப்பு இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்றால் நம்பிவிடாதீர்கள். சர்க்கரையால் சுண்ணாம்பேறிய குழாய் பொய்க்கணக்குக் காட்டும். கால்விரல் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆஞ்சியோ சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், முன்பே கிரியாட்டினின் பார்த்தாக வேண்டும்.

ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதம் வெந்துபோவதை அப்பாவால் சொல்ல முடியாது. பீடியை இன்றே நிறுத்தட்டும். இந்த வாரமே ரத்தநாள நிபுணரைப் பாருங்கள். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்காமல் காலை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.