ஏடும் ஆளும்: உயிர்மருத்துவத் தகவலியல் பற்றி மாணவருக்குச் சில குறிப்புகள்

பசறைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகிறார் எனக் கொள்வோம். அவருக்கு நெடுநாளாக நீரிழிவு நோய் உண்டு. பெனிசிலின் மருந்து ஒவ்வாது. இவை யாவும் அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டுள்ளன. கொப்பியோ அவசரத்தில் லயத்திலேயே விடுபட்டுவிட்டது. முன்னொரு முறை அவர் தங்கிச் சிகிச்சை பெற்ற ஏடு அதே வைத்தியசாலையில் இருக்கிறது; ஆனால் அதிற் பெயர் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஏடும் உண்டு; ஆளும் உண்டு; இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அச்சந்திப்பை உண்டாக்குவது உயிர்மருத்துவத் தகவலியல் என்னும் கல்வியின் தலையாய பணிகளுள் ஒன்று.

நோய், மருந்து, பரிசோதனை, பிறப்பு, இறப்பு ஆகியன பற்றிய செய்திகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கையிற் சேர்க்கும் முறையை ஆராய்வதே இத்துறை. மருத்துவமும் கணிதமும் கணினி அறிவும் இங்கே ஒருங்கு சேருகின்றன. நம் நாட்டில் வைத்தியப் பட்டம் பெற்றோர் இதனைக் கற்பதற்கெனக் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன், 2009ஆம் ஆண்டில் ஒரு முதுமாணிக் கல்வியைத் தொடங்கிற்று. அதன் பயன் விரைவிற் புலப்பட்டது. 2020 ஜனவரியிற் கொரோனாத் தொற்று நம் கரையை எட்டிய வேளையில், ஒஸ்லோவில் வளர்ந்த ஒரு பொது மென்பொருளைக் கொண்டு, பிறநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்கும் பதிவேட்டை நம் நாட்டவரே அமைத்தனர். பிற்பாடு பல நாடுகள் அம்முறையைத் தழுவிக்கொண்டன.

நிற்க, நம் தாயாரின் பெயருக்கு வருவோம். அவர் பெயர் சந்திரகலா. ஆங்கில எழுத்தில் ஓர் இலிகிதர் அதனைச் ‘சீ’ எழுத்தில் தொடங்குவார். மற்றொருவர் ‘எஸ்’ எழுத்தில் தொடங்குவார். ‘தி’ என்னும் ஓசைக்கு ஒருவர் ‘டீ’ இடுவார். இன்னொருவர் ‘ரீ, எச்’ என இரண்டெழுத்து இடுவார். சிங்களத்தில் எழுதும்போது பெயர் இன்னுமொரு வடிவம் பெறும். ஒலியொத்த பெயர்களை ஒன்றுசேர்க்க 1918இல் அமெரிக்காவில் றொபேட் றசல் என்பார் காப்புரிமை பெற்ற முறையொன்று உண்டு. அதிலிருந்து வளர்ந்ததே ‘சவுண்டெக்ஸ்’. முதலெழுத்தை அப்படியே வைத்து, ஏனைய மெய்யெழுத்துக்களை இலக்கங்களாக மாற்றுவது அதன் வழி. மேற்சொன்ன இரு வடிவங்களும் அம்முறையில் ‘சீ 536’ எனவும் ‘எஸ் 536’ எனவும் வரும். இலக்கங்கள் மூன்றும் ஒத்துள்ளன. முதலெழுத்து மாறியதால் பொறி அவர்களை இருவராகவே கொள்ளும். ஆங்கிலப் பெயர்களுக்கு வகுத்த விதி தமிழ்ப் பெயருக்குப் பொருந்தாமை ஈண்டு நோக்கத்தக்கது.

அதனாற் பெயரை மட்டும் நம்புதல் ஆகாது. 1959இல் கனடாவைச் சேர்ந்த ஹவாட் நியூக்கம் என்பாரும் அவர் துணைவரும், பிறப்புப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் கணினியால் இணைக்கும் வழியை வெளியிட்டனர். அருகிய பெயர் இரு ஏடுகளில் ஒத்திருந்தால் அதற்கு நிறை அதிகம். எங்கும் வழங்கும் பெயர் ஒத்திருந்தால் நிறை குறைவு. பெயர், பிறந்த ஆண்டு, வசிப்பிடம் ஆகிய ஒவ்வொன்றின் நிறையையும் கூட்டியே முடிபு செய்தல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

இவ்வழி நல்லதே. ஆயினும் ஊவாத் தோட்டங்களில் அதற்கும் ஓர் இடர் உண்டு. பல தோட்டங்களில் ஒவ்வொரு வீட்டிற்கும் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே எல்லார்க்கும் முகவரி. ஆதலின் வசிப்பிடம் ஒத்திருத்தல் பெரிதும் நிறை பெறாது. மேலும், குடும்பப் பெயர் எங்கே எனப் பிறநாட்டு மென்பொருள் வினவும். நம்மவர்க்கோ தந்தை பெயரே முதலெழுத்தாய் நிற்கும். எந்தப் பிரிவு, எந்த லயம், தந்தை பெயர் என்ன என வினவி எழுதினால் மட்டுமே ஒருவரை மற்றொருவரிலிருந்து பிரித்தறியலாம். இதனை நூலிற் கற்பதிலும் அம்மலைகளில் வாழ்ந்தோரிடமிருந்து அறிதல் எளிது.

ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் இத்தொல்லை தீராதோ எனக் கேட்கலாம். பெரிதும் தீரும். நம் சுகாதார அமைச்சும் தனிநபர் சுகாதார எண் என ஒன்றை வகுத்துள்ளது. ஆனால் எண்ணையும் மனிதரே எழுதுகின்றனர், பிழை நேரலாம். அதற்குக் காவலாக இறுதியில் ஒரு சோதனை இலக்கம் சேர்ப்பது வழக்கம். ஹன்ஸ் பீற்றர் லூன் என்பார் வகுத்த முறையை மாணவர் தாமே செய்து பார்க்கலாம். 3641 என்னும் எண்ணை எடுப்போம். வலப்புறமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்தல் வேண்டும். இரட்டித்தது 9ஐ விஞ்சினால் 9ஐக் கழித்தல் வேண்டும். 1 இரண்டாகும், 4 மாறாது, 6 பன்னிரண்டாகிப் பின் மூன்றாகும், 3 மாறாது. கூட்டுத்தொகை 12. அதனை 20 ஆக்க 8 வேண்டும். ஆகவே முழு எண் 36418. அவசரத்தில் ஒருவர் 34618 என எழுதினால் கூட்டுத்தொகை 27 ஆகும், பத்தின் மடங்கன்று. பிழை உடனே வெளிப்படும். எந்த ஓர் இலக்கம் மாறினும் இம்முறை காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினும், 0உம் 9உம் மாறிய இடம் தவிர, காட்டிக்கொடுக்கும்.

எண்ணின் திறம் இத்தகையது. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. மலைநாட்டு மக்களுக்குப் பத்திரமும் பதிவும் எப்போதும் நன்மையே செய்தனவல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்திற்குச் சான்று கேட்டது. சான்று காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அவ்வழக்கு முற்றாகத் தீரவில்லை. ஏட்டில் இல்லாதவர் இல்லாதவராகவே எண்ணப்பட்ட வரலாறு அது. எண்ணைக் கொண்டுவர மறந்த நோயாளரைத் திருப்பி அனுப்பும் வைத்தியசாலை அதே தவறைச் சிறு அளவிற் செய்வதாகும். மற்றும், தொழில் கொடுப்போரும் வீடு கொடுப்போரும் ஒருவரேயான இடத்தில், ஒரு பெண்ணின் நோய் தோட்டக் கந்தோருக்குத் தெரியவருதல் அவள் வாழ்வையே பாதிக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலச் செய்திகளைத் தனிக் காவலுக்குரியனவாகக் கொள்வது இதனாலேயாம்.

இம்மலரைப் படிக்கும் மாணவருள் வைத்தியத்துறை புகுவோர் சிலராவது இக்கல்வியை நாடுவர் என நம்புகிறோம். கணிதத்தில் ஊக்கம் வேண்டும். மும்மொழிப் பயிற்சி வேண்டும். இவற்றினும் மேலாக, பெயரைக் கேட்கும்போது அதனைச் செவ்வையாகக் கேட்டு எழுதும் பொறுமை வேண்டும். நாம் மேலே கூறிய தாயாருக்குப் பெனிசிலின் ஊசி போடுமுன் அவருடைய ஏடு வைத்தியர் கையை அடைந்துவிடின், அக்கல்வி பயன் பெற்றதாகும்.