வெயில் காலத்தில் கிராபிக்ஸ் கார்டு

கல்வி உதவி கேட்டு நம்மிடம் வரும் பிள்ளைகளில் வீடியோ எடிட்டிங், அனிமேஷன் படிப்பவர்கள் கூடி வருகிறார்கள். கல்யாண வீடியோ எடிட் செய்து குடும்பத்தைத் தாங்குவோரும் மஹல்லாவில் உண்டு. நகையை அடகு வைத்து வாங்கும் அந்தக் கம்ப்யூட்டரில் விலை கூடிய பொருள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான். ஆகவே இதைப் பெற்றோரும் படிக்க வேண்டுகிறோம்.

ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு என்விடியா நிறுவனம் குறித்துள்ள உச்ச வரம்பு 93 டிகிரி செல்சியஸ். அது தாங்கும் எல்லை. தினமும் ஓட்ட வேண்டிய அளவல்ல. வேலையின்போது 65 முதல் 75 வரை இருந்தால் கவலையில்லை. 80-ஐத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் கவனிக்க வேண்டும். எல்லையை நெருங்கும்போது கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உடனே எரிந்துவிடாது, வேலைதான் இழுக்கும்.

கார்டின் சூடு அறையின் சூட்டின் மேல் ஏறி நிற்பது. 28 டிகிரி அறையில் 70 காட்டும் கார்டு, 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 80 காட்டும். விளாங்குடியில் மே மாதம் லுஹரிலிருந்து அஸர் வரை மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீண்ட ரெண்டர் வேலையை இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடக்கையில் சிப்பின் அடியிலுள்ள சால்டர் இணைப்புகள் விரிந்து சுருங்கித் தளர்கின்றன. 2008 ஜூலையில் லேப்டாப் சிப்புகள் இப்படிப் பழுதானதால் அதே என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. பெரிய நிறுவனம் தாங்கிக்கொண்டது, நம்மால் முடியுமா?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு என்பதைத் தொட்டால் டிகிரி தெரியும். திண்டுக்கல் ரோட்டுப் புழுதி இரண்டே மாதத்தில் ஃபேனை அடைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஏர் கூலரின் ஈரக்காற்று நேரே படக்கூடாது. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதமாக்கினால் வேகம் சிறிதே குறையும், சூடு நன்றாக இறங்கும்.

பழைய கார்டு வாங்குவோர் கவனிக்க: 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. பணம் கொடுக்குமுன் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, டிகிரியைப் பாருங்கள்.

டிரஸ்ட் அலுவலகத்தில் ப்ளோயர் இருக்கிறது. ஞாயிறு அஸருக்குப் பின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தால் நம் பிள்ளைகளே சுத்தம் செய்து தருவார்கள்.