ஒரு நெல்மணி அளவுப் பிழை

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். பத்து அடி நடந்தால் சற்றுக் குறையும். பள்ளியில் நான்காம் பாடவேளை முடிவதற்குள் மீண்டும் வந்துவிடும். மூன்று ஆண்டுகளாக இதுதான் என் அன்றாடம். ஆசிரியர் அறையில் ஒருநாள் இதைச் சொன்னேன். "எனக்கும்தான் டீச்சர்" என்று இரண்டு குரல்கள் உடனே எழுந்தன. நாள் முழுதும் நின்று பணியாற்றும் நமக்கு இது புதிய செய்தி இல்லை.

வலியில்லாமல் நிற்க ஒரு காலணியைத் தேடிப் புறப்பட்டேன். அந்தத் தேடல் என் ஏழாம் வகுப்பில் ஓர் அளவியல் பாடமாக மாறியது. அந்தப் பாடம், வகுப்பாசிரியராக நான் செய்துவந்த ஒரு பிழையையும் எனக்குக் காட்டியது. மூன்றையும் இங்கே பகிர்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது?

நமது ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை, வில்லின் நாண் போல, உறுதியான நார்த்திசுப் பட்டை ஒன்று செல்கிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது இதுவே. கடினமான தரையில் நெடுநேரம் நிற்பது, தட்டையான மெல்லிய செருப்பு, கெண்டைக்கால் தசையின் இறுக்கம், உடல் எடை ஆகியவை சேரும்போது, இந்தப் பட்டை குதிகாலில் பொருந்தும் இடத்தில் பாதிப்பு ஏற்படுகிறது. இதை 'பிளாண்டர் ஃபேசியைட்டிஸ்' என்று மருத்துவர்கள் சொல்வார்கள்.

எனக்கும் அதுதான் என்று மருத்துவர் சொன்னார். "எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று கேட்டார். "மூன்று வருடமாக. பழகிவிட்டது" என்றேன். "பழகியது வலி இல்லை, நீங்கள் சாய்ந்து நடப்பதுதான் பழகியிருக்கிறது" என்றார். கெண்டைக்கால் நீட்சிப் பயிற்சி எழுதித் தந்தார். வீட்டிலும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம் என்றார். காலணியை மாற்றச் சொன்னார்.

வெறுங்கால் என்றதும்தான் யோசித்தேன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவது நம் வழக்கம். வீட்டில் டைல்ஸ் தரை, வகுப்பறையில் சிமெண்டுத் தரை. வகுப்பறை வாசலிலும் செருப்பைக் கழற்றிவிடுவேன். ஆக, நாளின் பெரும்பகுதி என் குதிகால் கல்லின் மேல்தான் இருந்திருக்கிறது. இப்போது வீட்டுக்குள் மட்டும் போட ஒரு செருப்பும், வகுப்பறைக்குள் மட்டும் போட ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டும் வெளி மண்ணை மிதிப்பதில்லை.

கடையில் கற்றது

தஞ்சாவூர் காந்திஜி சாலையில் ஒரு காலணிக் கடைக்குப் போனேன். "அஞ்சாம் நம்பர்ல மெத்துன்னு ஒண்ணு காட்டுங்க" என்றேன். கடையில் இருந்த பெரியவர் எடுத்துத் தராமல், "கடைசியா எப்போ டீச்சரம்மா கால அளந்தீங்க?" என்று கேட்டார். கல்லூரி நாள்களுக்குப் பிறகு அளந்ததே இல்லை. நிற்கவைத்து இரண்டு கால்களையும் அளந்தார். இடது பாதம் 24.1 செ.மீ., வலது 24.6 செ.மீ. அகலமும் கூடியிருந்தது. வயது ஏற ஏறப் பாதம் நீண்டு அகலும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் பலருக்கு அப்படி ஆகும். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய காலுக்கே இன்னும் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன்!

'மெத்தென்று' என்று கேட்டதும் அரைகுறைதான் என்று அவரே விளக்கினார். அழுத்தினால் அமுங்கி எழாத மெத்தை, சில வாரங்களில் தட்டையாகிவிடும். அதன்பின் குதிகால் கிட்டத்தட்ட தரையைத் தொடுவதுபோலத்தான். அடிப்புறம் மென்மையாகவும் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். நம்மூரில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த நுண்துளை ரப்பர் அத்தகையது.

அந்தச் செருப்புக்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய வரலாறு உண்டு. கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் பாதங்கள் தாமாக அழுகுவதில்லை, வலி உணர்வை இழந்ததால் கவனிக்கப்படாத காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்று அவரது பணி காட்டியது. உணர்வற்ற பாதங்களைக் காக்க மென்ரப்பர்க் காலணிகள் முக்கியமாயின. வலி தெரிந்தால் பாதத்தைக் காத்துக்கொள்ளலாம். வலி தெரிந்தும் நான் கவனிக்காமல் இருந்ததுதான் வேடிக்கை.

எண் என்பது என்ன?

வீடு திரும்பும் பேருந்தில் ஒரு கேள்வி எழுந்தது. 5, 6 என்கிறோமே, எதன் 5, எதன் 6?

நம் கடைகளில் பெரும்பாலும் புழங்குவது ஆங்கிலேய அளவுமுறை. அதன் அலகு பார்லி மணி. மூன்று பார்லி மணிகளின் நீளம் ஓர் அங்குலம். எனவே ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மி.மீ. வேறுபாடு. தானியத்தால் அளப்பது நமக்கும் புதிதன்று. 8 நெல் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம் என்பது நம் பழைய வாய்பாடு.

இன்னொரு செய்தியும் உண்டு. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தியர்களுக்கெனக் காலணி அளவுமுறை உருவாக்குவதற்காக 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக மேலைநாட்டவரின் பாதத்தைவிட அகலமானது என்று ஆய்வு கண்டது. நீளம் மட்டும் பார்த்து வாங்கிய காலணி விரல்களைப் பக்கவாட்டில் நெருக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதளவிலும், ஆண்களின் பாத வளர்ச்சி 15, 16 வயதளவிலும் உச்சத்தை அடைகிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு. 'பா' என்ற பெயரில் புதிய அளவுமுறையும் முன்மொழியப்பட்டுள்ளது.

பதினொரு வயது என்றால் ஆறாம், ஏழாம் வகுப்பு. அது என் வகுப்பு.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையான பொருள்கள்: பழைய செய்தித்தாள், பென்சில், அளவுகோல், ஒரு கைப்பிடி நெல்.

1. மாணவர்கள் கால் கழுவித் துடைத்து வரட்டும். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை நல்லது. பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவே சரியான அளவு.

2. செய்தித்தாளைச் சுவரோரம் விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி நிற்க வேண்டும். உட்கார்ந்து அளக்கக் கூடாது. எடை இறங்கும்போதுதான் பாதம் விரியும்.

3. இணையாக இருப்பவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். இரண்டு பாதங்களையும் வரைய வேண்டும்.

4. மிக நீண்ட விரல் வரை நீளத்தையும், விரல்களின் அடியில் மிக அகலமான இடத்தில் அகலத்தையும் அளக்கட்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும்.

5. பத்து நெல்மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்து அளந்து சராசரி காணட்டும். எங்கள் வகுப்பில் ஒரு நெல்லுக்கு 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வந்தது. "டீச்சர், அப்போ செருப்பு நம்பர் ஒண்ணு மாறினா ஒரு நெல்லுதானா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அந்த வரியைக் கரும்பலகையில் எழுதினேன்.

6. வரைந்த பாதத்தை வெட்டி, தம் காலணிக்குள் வைத்துப் பார்க்கட்டும். தாள் ஓரத்தில் மடங்கினால் காலணி சிறியது. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அளவுகளை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம். வயல் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கால்களில் வெடிப்பும் சேற்றுப்புண்ணும் இருக்கலாம். யார் காலையும் யாரும் கேலி செய்ய இடம் தரக்கூடாது. முதலில் என் பாதத்தை அவர்களையே வரையச் சொன்னேன். அதன்பின் தயக்கம் விலகிவிட்டது.

நான் எழுதிய பட்டியல்

ஒரு மாணவி எப்போதும் காலணியின் பின்பக்கத்தை மடித்து மிதித்தபடி நடப்பாள். "ஒழுங்கா போடும்மா" என்று பலமுறை கண்டித்திருக்கிறேன். அவள் வெட்டிய தாள் காலணிக்குள் மடங்கியது. பாதம் 23.4 செ.மீ. காலணி 3ஆம் எண். கணக்குப்படி அதன் உள்நீளம் 23.7 செ.மீ. மட்டுமே. விரலுக்கு முன்னால் மூன்று மில்லிமீட்டர்!

"வலிக்கலையாம்மா?"

"இல்ல டீச்சர், பழகிடுச்சு."

மருத்துவரிடம் நான் சொன்ன அதே சொல்.

விலையில்லாக் காலணிக்கான அளவுப் பட்டியலைத் தயாரித்தது நான்தான். அவசரத்தில் சென்ற ஆண்டின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி எழுதியிருந்தேன். அவளுக்கு 2க்கு அடுத்து 3. வேண்டியிருந்தது 4. பட்டியலை எடுத்து மற்றவர்களின் அளவோடு ஒப்பிட்டேன். பொருந்தாதவர்கள் ஒருவர் இருவர் அல்லர். பிள்ளைகளின் கால்கள் ஆண்டுக்கு ஓர் எண் என்று கணக்கு வைத்து வளர்வதில்லை. இன்னொரு மாணவிக்கு 4ஆம் எண் தொளதொளவென்று இருந்தது. இருவரும் மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் அவள் பின்பக்கத்தை மடிக்காமல் நடந்து வந்தாள். அடுத்த பட்டியலை அளந்தே எழுதினேன். முப்பத்தொரு பேருக்கு ஒரு பாடவேளைதான் ஆயிற்று.

வெட்டிய தாள்களைப் பிள்ளைகள் வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஊர்ப்புறத்தில் பிள்ளையின் காலை ஈர்க்குச்சியால் அளந்து கடைக்கு எடுத்துப்போவது வழக்கம். ஈர்க்குச்சி நீளத்தைச் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. தாள் இரண்டையும் சொல்லும்.

வலியுள்ள ஆசிரியர்களுக்கு

காலணி வாங்க மாலையில் போங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள். காலணியைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது. நடுவில் மடிந்தால் வேண்டாம். துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. குதிகாலைச் சுற்றிய பகுதி உறுதியாக இருக்கட்டும். குதிகால் தாங்காமல் வெறுமனே தொங்கும் செருப்பைவிடப் பின்வார் உள்ளது நல்லது. கடைக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். "போடப் போட இளகிடும்" என்பதை நம்பி வாங்காதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் மரமரப்போ, உணர்வுக் குறைவோ, ஆறாத புண்ணோ இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் கடை அன்று, அரசு மருத்துவமனை. இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குதிகால் வலியையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

என் வலி முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். காலை முதல் அடியில் இன்னும் சில நாள் நினைவூட்டுகிறது. ஆனால் ஏழாம் பாடவேளையில் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இந்தக் கல்வியாண்டின் காலணி அளவுப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது, ஒரு செய்தித்தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். முதலில் உங்கள் பாதத்தை வரையச் சொல்லுங்கள்.