பச்சை உப்பும் மத்தியானச் சோறும்

இருக்கன்குடி,
ஆனி மாதம்.

சிரஞ்சீவி மாரீஸ்வரிக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது.  

நீ யோசனை கேட்டிருந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதைச் சொல்லிவிட வேண்டும். சென்ற வெள்ளிக்கிழமை நீ ஊருக்கு வந்திருந்தபோது, டிபன் டப்பா இருந்த அதே பைக்குள்ளிருந்து ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டை உருவியெடுத்துத் தம்பியின் பள்ளிச் சட்டைகளோடு சேர்த்து ஒரே வாளியில் ஊறப்போட்டாய். அந்தக் கோட்டின் வலக்கை மடிப்பில் கோதுமை மாவு போல் ஒரு வெண்தூள் படிந்திருந்ததைக் கண்டு என்னவென்று கேட்டேன். "பச்சை உப்பு சாம்பிள் பெரியப்பா, அதெல்லாம் ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய், கைகூடக் கழுவாமல் ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். அன்று வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தபடியால் நான் பேசாதிருந்தேன். அதிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை.

பச்சை உப்பு என்கிற பேரியம் நைட்ரேட்டைப் பற்றி எம்.எஸ்ஸி. படித்த உனக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ரசாயனம் போதித்த நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆயினும் படித்ததற்கும் பயன்படுத்துவதற்கும் இடையே அசிரத்தை என்ற ஒன்று வந்து குந்திக்கொள்கிறதே, அதற்காகச் சொல்கிறேன். பேரியத்தின் சல்பேட்டை வயிற்றைப் படம் பிடிப்பதற்காக வைத்தியர்களே நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அது நீரிலும் இரைப்பையின் அமிலத்திலும் கரையாதாகையால், போன பொருள் போனபடியே வெளியேறிவிடுகிறது. கார்பனேட்டோ நீரில் கரையாவிட்டாலும் இரைப்பையில் கரைந்து நஞ்சாகும். 2003இல் பிரேசில் தேசத்தில் அந்தப் படமருந்தில் கார்பனேட் கலந்துவிட்டதால், வியாதியைக் கண்டறியப் போனவர்களில் பலர் பிராணனையே பறிகொடுத்தார்கள். நைட்ரேட்டும் குளோரைடும் வெறும் தண்ணீரிலேயே கரைபவை. அவை இரத்தத்தில் சேர்ந்ததும், உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை அடைத்துவிடுகின்றன; பொட்டாசியம் உள்ளேயே தேங்கி, இரத்தத்தில் அதன் அளவு சரியச் சரிய, வாயைச் சுற்றி மதமதப்பும், வாந்தியும் பேதியும், அதன்மேல் கைகால் தளர்ச்சியும், இதயத் துடிப்பில் தாறுமாறும், முற்றினால் மூச்சுவிடும் தசைகளின் ஓய்வும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இத்தனைக்கும் தொடக்கமாக அரைக் கிராமோ அதற்குக் குறைவோ வயிற்றுக்குள் போனாலே போதும். சீனத்தின் செச்சுவான் மாகாணத்தில் 'பா பிங்' என்று ஜனங்கள் அஞ்சி நடுங்கிய முடக்கு நோய்க்கு, அவர்கள் அன்றாடம் சமையலில் போட்ட உப்பில் கலந்திருந்த பேரியம் குளோரைடே காரணமென்று இரண்டாம் உலக யுத்த காலத்தில் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் அது வாய்வழியாகத்தான் போயிற்று, அதைக் கவனி.

நம் பக்கத்து ஜனங்களுக்குப் பட்டாசு மருந்து என்றால் நெருப்பு ஒன்றுதான் நினைவுக்கு வரும். வராமல் எப்படி இருக்கும்? 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் புகையைக் கண்டு உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் சேர்ந்து மாண்டதையும், 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சன்குளத்துப் பட்டாசு ஆலையில் இருபது பேருக்கு மேல் போனதையும், நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து துக்கத்தோடு பேசியவர்கள்தானே நாம். நெருப்பு விஷயத்தில் நீ ஜாக்கிரதையாகவே இருப்பாய் என்று நம்புகிறேன். சாம்பிளாக வந்த மருந்தைக் கல்வத்தில் இட்டு அரைக்காதே. அலுமினியப் பவுடரும் கந்தகமும் நைட்ரேட்டும் சேர்ந்து கிடக்கும் கலவைக்கு உராய்வே தீக்குச்சி. துளியளவு எடுத்து, நீரில் கரைவதைக் கரைத்து வடிகட்டி, வடிநீரிலேயே சோதனையைச் செய். ஈரம் பட்ட அலுமினியக் கலவையை மறுநாளைக்கென்று மூடி வைத்துவிடாதே, தானாகவே சூடேறும். மத்தாப்புக் கலவையில் போரிக் அமிலம் சிறிது சேர்ப்பதே அதைத் தடுக்கத்தான். பருத்தி உடைதான் உடுத்த வேண்டும்.

ஆனால் நெருப்புக்கு அஞ்சுகிற நாம் தூளுக்கு அஞ்சுவதில்லை என்பதே என் ஆற்றாமை. நெருப்பில் செத்தால் பத்திரிகையில் வருகிறது, கலெக்டர் வருகிறார், நஷ்டஈடு வருகிறது. தூளில் தேய்ந்துபோகிறவர்களுக்கு யார் வருகிறார்கள்? உன் பேச்சியம்மாள் அத்தையின் கதை உனக்குத் தெரியும், அதை நான் விஸ்தாரமாக எழுதப் போவதில்லை. கம்பி மத்தாப்பை மருந்தில் முக்கி முக்கி எடுத்த கை அது. நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் ஏறி, விளக்கு வெளிச்சத்தில் வெள்ளிபோல் மின்னும். அந்தக் கையோடுதான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மத்தியானச் சோற்றைப் பிசைந்து தின்றாள். அந்த இடத்தில் குழாய் இல்லை. குடிப்பதற்கென்று ஒரு பானைத் தண்ணீர் இருந்தது, அதில் கை கழுவினால் போர்மேன் வைவான். வயிற்றுப்போக்கும் கைகால் அசதியுமாய் அவள் படுத்தபோது, "சோத்துக் கோளாறு" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது பேரியத்தின் வேலைதான் என்று நான் சாதிக்கவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று ஒருவராவது பார்த்திருந்தால் சாதிக்கவோ மறுக்கவோ இடமிருந்திருக்கும். பார்க்கவில்லை. ஒரு குழாயும் ஒரு சோப்புக்கட்டியும் வைக்க மனமில்லாதவர்கள் தீபாவளிக்கு மட்டும் ஒரு பெட்டிப் பட்டாசு கொடுத்தனுப்பினார்கள். அதை உன் அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததைத்தான் இன்றுவரை நான் அவனிடம் கண்ட பெரிய குணமாக எண்ணியிருக்கிறேன்.

மெல்லக் கொல்லும் நஞ்சுக்கும் சட்டம் வரத்தான் செய்யும், தாமதமாக வரும். வெண்பாஸ்பரஸ் தீக்குச்சி செய்த லண்டன் நகரத்துப் பெண்களுக்குத் தாடையெலும்பு அழுகி உதிர்ந்தது. 1888இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, 1906இல் பெர்ன் நகரத்தில் தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்து, 1913இல் இந்தியாவிலும் அந்தத் தீக்குச்சியைத் தடைசெய்தார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பயின்று வந்து 1923ஐ ஒட்டிச் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியபோது அந்தத் தடை ஏற்கெனவே அமலில் இருந்தது. நம் பாட்டிமார்களின் தாடை பிழைத்தது அதனால்தான். பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் தேதி தடை விதித்தது, காற்றை உத்தேசித்து. காற்றை உத்தேசித்தாவது வந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். தடை செய்த பொருள் பட்டாசுக்குள் இருக்கிறதா என்று தேடுவது இப்போது உன் உத்தியோகமாகியிருக்கிறது. பிறர் வீட்டுக்குள் அது போகாமல் காக்கிற நீ, அதைக் கோட்டுக் கையில் நம் வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

ஆகையால் கேள். கோட்டை ஆய்வுக்கூடத்திலேயே கழற்றி வைத்து அங்கேயே துவைக்க ஏற்பாடு செய். தூள் சிந்தினால் விளக்குமாற்றால் பெருக்காதே, ஈரத்துணியால் ஒற்றி எடு. எடை போடும்போது மூக்குக்கும் வாய்க்கும் கவசம் வேண்டும், கைக்கு உறை வேண்டும். கழிவுநீரைத் தொட்டியில் ஊற்றாமல் சோடியம் சல்பேட் சேர்த்து வெள்ளை வீழ்படிவாக்கித் தனியே ஒதுக்கு. குரோமேட் சோதனை செய்தால் அந்தக் குரோமேட்டே புற்றுநோய்க்கு வித்து என்பதையும் நினைவில் வை. யாருக்காவது வாயில் மதமதப்பும் வாந்தியும் கண்டால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல். சல்பேட் உப்பை வாய்வழி கொடுத்துப் பேரியத்தைக் குடலிலேயே கட்டிவிடவும், பொட்டாசியத்தை ஏற்றவும் வைத்தியர்களுக்குத் தெரியும். இவையெல்லாவற்றையும் விட, ஆய்வுக்கூடத்து மேசைமேல் டிபன் டப்பாவைத் திறக்காதே அம்மா. வெளியே போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு சாப்பிடு.

இனி நீ கேட்டது. பட்டாசு நிறுவனத்தார் தங்கள் சொந்த ஆய்வுக்கூடத்துக்கு அதிகச் சம்பளத்தில் அழைக்கிறார்கள் என்றும், காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேரவும் வழி இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். முடிவு முற்றிலும் உன்னுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து எழும்பிய நிலையம் அது என்பதையும், அங்கே நீ ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிக்கலாம் என்பதையும், நிறுவனத்திலோ இன்னொருவர் கலந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதோடு உன் படிப்பு நின்றுவிடும் என்பதையும் மட்டும் எண்ணிப் பார். நிறுவனத்துக்கே போவதாக இருந்தால், சேரும் முன் ஒரு தடவை போய், தொழிலாளிகள் எங்கே கை கழுவுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வா. சம்பளத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அதிகம் சொல்லிவிட்டேனோ என்று பெரியம்மா பக்கத்திலிருந்து முணுமுணுக்கிறாள். நம் குடும்பத்தில் ஆய்வுக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் பெண் நீ. உன் பெயரைச் சொல்லும்போது கோவில் வாசலில் நிற்கிறவர்களிடமெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. உன் புத்திக்கு முன்னால் என் எச்சரிக்கைகள் எம்மாத்திரம்! நீ எதைத் தேர்ந்தாலும் அதுவே சரியாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாத்தூர்ச் சேவு இரண்டு கிலோவும், பெரியம்மா கைப்பட இடித்த பருப்புப்பொடியும் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன், அறைத்தோழிகளுக்கும் கொடு. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அவசியம் வந்து சேர். கூட்டத்தில் பஸ் கிடைக்காது, சாத்தூருக்கு நானே வண்டியோடு வந்து நிற்கிறேன்.

உன் மேல் என்றும் வாஞ்சை மாறாத,
பெரியப்பா.